ஆணி அடிக்கக் கூடாத வீடு

போன வாரம் எங்கள் வீட்டுச் சுவரில் ஓட்டை போட்டார்கள். எங்கள் வீடு என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன். மகள் வாடகைக்கு எடுத்திருக்கும் அடுக்ககத்தில் எனக்கு ஓர் அறை, அவ்வளவுதான். சோழவரம் ஏரிக்குப் போகிற வழியில், நான்காவது மாடி. இந்த வெயிலில் அப்பாவுக்கு ஏசி இல்லாமல் முடியாது என்று மகள் ஒற்றைக் காலில் நின்றாள். வந்த மெக்கானிக் துளை போடும் மிஷினைத் தூக்கிச் சுவரில் வைத்தான். நான் என்னையும் அறியாமல் கத்திவிட்டேன்.

"ஓனரைக் கேட்டீங்களா?"

அவன் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "ஓனரு இன்னா சார் சொல்லப் போறாரு? போன்ல போட்டா கட்டவெரலக் காட்டுவாரு. அவ்ளோதான்." மகளும் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். பிறகு மிஷின் ஓட ஆரம்பித்தது. சுவரிலிருந்து சிவப்பாகவும் வெள்ளையாகவும் பொடி கொட்டியது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டேன். தூசி ஒத்துக்கொள்ளவில்லை என்று மகள் நினைத்துக்கொண்டாள். அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன்.

நானும் ஒரு காலத்தில் ஓனர். ஒன்றல்ல, ஆறு வீட்டுக்கு. ஆறு வீடு என்றதும் மாளிகை எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட்டைத் தாண்டி, ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஆறு போர்ஷன். ஒவ்வொன்றுக்கும் ஓர் அறை, ஒரு சமையல்கட்டு. எல்லாருக்கும் சேர்த்து ஒரு கிணறு. லைன் வீடு என்பார்கள். எங்கள் பக்கத்து வாயில் அது லைன் ஊடு. வரிசையின் தலைப்பில் தனியாக எங்கள் வீடு.

எழுபதுகளில் அங்கே ஒவ்வொரு கம்பெனியாக வர ஆரம்பித்த சமயம். இரும்பு உருக்குகிற கம்பெனி ஒன்று, கம்பி இழுக்கிற கம்பெனி ஒன்று. எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து இறங்கினார்கள். அப்பா கழனியில் ஒரு துண்டை விற்று இந்த வரிசையைக் கட்டினார். "நெல்லு போட்டுட்டு வானத்தப் பாத்துக்கினு இருந்தது போதும்டா. இனிமே ரோட்டப் பாத்துக்கினு இருப்போம். எவனாவது பெட்டிய தூக்கிக்கினு வருவான்" என்றார். வந்தார்கள். ஆனால் அப்பாதான் இல்லை. வீடு கட்டி முடித்த வருஷமே மார் வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இருபத்து மூன்று வயதில் நான் ஓனர் ஆனேன். இரும்புக் கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க் வேலையும் இருந்தது, அதுவும் டெம்பரரி. கேட்டில் உட்கார்ந்து, வருகிற ஆட்களின் அட்டையில் தேதி முத்திரை குத்துகிற உத்தியோகம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேதி போடுவதுதான் என் பிழைப்பு.

அப்பா எனக்கு விட்டுப் போன சொத்தில் ஒரு சட்டமும் இருந்தது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பழவேற்காட்டுக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பில் பூசிய சுவர். பத்து நாள் காலையும் மாலையும் அவரே தண்ணீர் தெளித்துக் காயவிட்டது. அதில் ஒருவன் சுத்தியலோடு கை வைத்தால் அவருக்கு உடம்பு பதறும். அவருக்காவது பாசம். எனக்கு வெறும் மிடுக்கு. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு போர்ஷனாக நுழைந்து சுவரைத் தடவிப் பார்ப்பேன். குடியிருந்தவர்கள் என்னைவிட மூத்தவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள். நான் தடவி முடிக்கும்வரை ஓரமாக நிற்பார்கள். இப்போது நினைத்தால் காது சூடாகிறது. அவர்களும் வழி கண்டுபிடித்திருந்தார்கள். முருகர் படத்தை ஜன்னல் கம்பியில் கட்டினார்கள். கண்ணாடியை அரிசி டின் மேல் சாய்த்து வைத்தார்கள். இரண்டாம் நம்பர் வீட்டுக்காரர் சட்டையைக் கதவின் மேலேயே மாட்டுவார், அதனால் அந்தக் கதவு ஒருநாளும் சரியாகச் சாத்தாது.

ஆறாம் நம்பருக்கு ஏகாம்பரமும் நாகம்மாவும் வந்தார்கள். பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம், படகில் போக வேண்டிய ஒரு மீனவர் குப்பத்துக்காரர்கள். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. தோள்பட்டை இறங்கிப் போய் வலை வீச முடியாமல், எங்கள் கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்கு வந்தவர். பிள்ளைகள் இல்லை. வந்த அன்றைக்கே கையில் ஒரு வீச்சு வலையை மடித்து வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்.

"தம்பி, ஒரே ஒரு ஆணி. வலய மாட்டிக்கிறேன். எலி கடிச்சிட்சின்னா மனசு கேக்காது."

"ஆணி அடிக்கக் கூடாதுன்னு சொல்லித்தானே ஊடு குடுத்தேன்?"

"சரி தம்பி. உன் ஊடு, உன் பேச்சு."

அவர் கோபப்படவே இல்லை. ஒரு கயிற்றை உத்திரத்தின் மேல் வீசிப் போட்டு, அதில் வலையைக் கட்டித் தொங்கவிட்டார். அறை நடுவில் அது தொங்கும். இருவரும் குனிந்து குனிந்துதான் போவார்கள், வருவார்கள்.

ஆணி இல்லாததால் அவர்கள் வீட்டில் காலண்டரும் இல்லை. இரண்டு பேருக்கும் எழுத்துத் தெரியாது, இருந்தாலும் தொங்கும் காலண்டரை யாராவது வந்து பார்த்துச் சொல்லலாம் அல்லவா. ஆகவே எதுவானாலும் நாகம்மா எங்கள் வாசலுக்கு வருவாள். "இன்னா நைனா, கிருத்திக என்னிக்கு வர்து?" "பவானியம்மனுக்குப் பொங்க வெக்கணும், ஆடி மூணாம் ஞாயிறு என்னிக்குன்னு பாத்து சொல்லு நைனா." அந்தப் பக்கத்தில் மகன் மாதிரி இருப்பவனை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கேட்பாள். நான் உள்ளே போய்க் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்து ஏதோ பெரிய ஜோசியன் போலச் சொல்லுவேன். அவள் கேட்டுத் தலையாட்டுவது எனக்குப் பிடிக்கும். "படிச்ச புள்ள சொன்னா சரியா இருக்கும்" என்பாள்.

எங்கள் காலண்டர் தினசரி கிழிக்கிற காலண்டர். கும்மிடிப்பூண்டி மளிகைக் கடையில் வருஷா வருஷம் கொடுப்பது. மேலே பெரிய எழுத்தில் தேதி, கிழமை. கீழே பொடி எழுத்தில் நட்சத்திரம், ராகு காலம். கிழித்த தாள்களை அப்பா எறிய மாட்டார். பின்பக்கம் வெள்ளையாக இருக்கிறதே. கம்பியில் குத்தி வைத்திருந்து அதில்தான் கழனிக் கணக்கு எழுதுவார். நான் அதில் வாடகை ரசீது எழுதினேன். ரசீதா, பொட்டலமா என்று குடித்தனக்காரர்கள் தங்களுக்குள் கேலி செய்வார்கள். எனக்கும் தெரியும்.

அந்த ஆவணியில் ஏகாம்பரத்துக்குக் காமாலை முற்றிப் போனது. வயிறு வீங்கிக் கண் மஞ்சளாகி, பொன்னேரி ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். ஆறாம் நம்பரில், தொங்குகிற வலைக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தார்.

என் அம்மா கெட்டவள் இல்லை. இரண்டு வேளையும் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான். ஆனால் அவளுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. அதன் பெயர் அடைப்பு. இந்தக் காலத்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். சில நட்சத்திரங்களில் சாவு விழுந்தால் அந்த வீடு ஆகாது என்பார்கள். பிணத்தை வாசல் வழியாகக் கொண்டுபோகக் கூடாது, சுவரை இடித்து அந்த வழியாக எடுக்க வேண்டும். பிறகு வீட்டைப் பூட்டிவிட வேண்டும். அவிட்டம் தொடங்கி ரேவதி முடிய ஐந்து நட்சத்திரமும் பொல்லாதவை. ஆறு மாசம் அடைப்பு. உள்ளே விளக்குக் கூட ஏற்ற மாட்டார்கள்.

"டேய், லைன் ஊட்ல ஒரு செவுத்த இடிச்சா மத்த அஞ்சி பேரும் இருப்பானுங்களாடா? மூட்டயக் கட்டிக்கினு போய்டுவானுங்க. நட்சத்திரம் எப்படி இருக்குதுன்னு பாத்துக்கினே இரு" என்றாள் அம்மா.

இன்னொன்றும் இருந்தது, அம்மாவுக்குத் தெரியாதது. எங்கள் கம்பெனிக்கு மெட்ராஸிலிருந்து புதிதாக ஒரு சூப்பர்வைசர் வந்திருந்தார். ரயிலில் வந்து போக முடியவில்லை, உன் வரிசையில் அந்தக் கடைசி வீடு காற்றோட்டமாக இருக்கிறதே, காலியானால் சொல் என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார். என்னைப் பெர்மனென்ட் ஆக்குவதற்கு எழுத வேண்டியவரும் அவர்தான். காலியாகும் சார், என்று நான் சொல்லியிருந்தேன். எப்படிக் காலியாகும் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாடகை வாங்கினேன். ரசீது எழுதக் கம்பியைப் பார்த்தால் ஒரு தாள் இல்லை. அடுப்பு பற்றவைக்க அம்மா எடுத்துவிட்டிருந்தாள். வாசலில் ஆள் நிற்கிறார்கள். சோம்பேறித்தனம், வேறென்ன? காலண்டரிலிருந்தே சரசரவென்று கிழித்தேன். ஆறு வீட்டுக்கு ஆறு, ஒன்றில் மை கொட்டிவிட்டது, ஆக ஏழு. அன்றைய செவ்வாயில் ஆரம்பித்து வருகிற திங்கள் வரை. நாலாவதாக வந்தவள் நாகம்மா. புருஷன் அந்த நிலையில் கிடக்கும்போதும் தவறாமல் வந்து கொடுத்துவிட்டு, ரசீதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

ஏழு தாள். ஆறோ எட்டோ கிழித்திருந்தால் கிழமை இடறியிருக்கும், உடனே கண்டுபிடித்திருப்பேன். ஏழு கிழித்ததால் காலண்டரில் மறுபடியும் செவ்வாயே தொங்கியது, அடுத்த வாரத்துச் செவ்வாய். புதன்கிழமை விடியற்காலை இருட்டில் வழக்கம்போல ஒரு தாளைக் கிழித்தேன். புதன் வந்தது. ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா ஆறாம் நம்பரிலிருந்து வந்தாள். "மூச்சு இழுக்குதுடா. ரெண்டு நாளு தாங்காது. நட்சத்திரம் பாரு" என்றாள். நான் மேல்தாளின் நுனியைப் பிடித்துத் தூக்கி அடுத்த தாளின் அடிப்பகுதியைப் படித்தேன். பொடி எழுத்து மட்டும்தான் தெரிந்தது. திருவோணம் பகல் வரை, பின் அவிட்டம். அதற்கடுத்தது வெள்ளி, சதயம். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நேராக ஆறாம் நம்பருக்குப் போனேன். நாகம்மா சமையல்கட்டில் இருந்தாள். அவரைத் தாண்டித்தான் போக வேண்டும், நானும் அந்த வலைக்குக் கீழே குனிந்தேன்.

"அக்கா, நாளைக்கு மத்தியானத்துலருந்து அவிட்டம். அடைப்பு. அஞ்சி நாளைக்கு இருக்குது."

அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அதுக்கு?"

"ஒன்னுமில்ல. லைன் ஊடு. மத்த அஞ்சி குடும்பமும் புள்ளகுட்டியோட இருக்குது..."

பின்னாலிருந்து ஏகாம்பரத்தின் குரல்தான் வந்தது. "இன்னா நாகு, தம்பி சொல்றது புரில? நம்ம ஊட்டுக்குப் போய்டலாம். சாவறவன் எங்க இருந்து செத்தா இன்னா? அட்ப்போ கிட்ப்போ, அது நம்ம ஊட்டுக்கு வர்ட்டும். பாவம், அவுரு ஊட்டுக்கு எதுக்கு?"

பாவம் என்றது என்னை.

கிளிஞ்சல் கொண்டுவந்து சுண்ணாம்புச் சூளையில் கொட்டிவிட்டுக் காலியாகத் திரும்புகிற லாரி ஒன்று தினமும் பத்து மணிக்குப் பழவேற்காட்டுக்குப் போகும். டிரைவர் எனக்குத் தெரிந்தவர். அவரிடம் பேசி ஏற்பாடு செய்தேன். கோணிகளைப் பரப்பி மெத்தை மாதிரி செய்யச் சொன்னேன். வாங்கிய வாடகையையும் திருப்பிக் கொடுத்தேன். இதையெல்லாம் செய்து முடித்தபோது எனக்கு என்னைப் பற்றி ரொம்ப நல்ல அபிப்பிராயம் ஏற்பட்டிருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

வியாழக்கிழமை விடியற்காலையிலும் ஒரு தாளைக் கிழித்துவிட்டு வேலைக்குப் போனேன். டைம் ஆபீஸில் முதல் வேலை, தேதி முத்திரையின் சக்கரத்தை ஓர் எண் நகர்த்துவது. நகர்த்தினேன். மையில் ஒற்றி முதல் அட்டையில் குத்தினேன். அந்த எண்ணைப் பார்த்தேன். காலண்டரில் கிழித்தபோது அரைத்தூக்கத்தில் பார்த்த எண் இது இல்லை. அடுத்த அட்டையைக் குத்துவதற்குள் ஏழு தாளும் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அவிட்டம் அடுத்த வாரம். வெள்ளிக்கிழமை சதயம் இல்லை, அனுஷம். அனுஷத்துக்கு அடைப்பே கிடையாது.

மணி எட்டே கால். லாரி பத்து மணிக்கு. வெளியே என் சைக்கிள் நிற்கிறது. பத்து நிமிஷத்து வழி. சூப்பர்வைசர் அறைக்குப் போய் அரை மணி பர்மிஷன் கேட்டால் போதும். நான் எழுந்தேன், அந்த அறை வாசல்வரை போனேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "என்னப்பா, வீடு விஷயம் என்னாச்சு?" என்றார்.

"இன்னிக்குக் காலியாகுது சார்" என்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்து முத்திரை குத்தினேன். மனசு பாட்டுக்கு நியாயம் பேசியது. இன்று இல்லாவிட்டால் அடுத்த வாரம் அவிட்டம் வரத்தானே போகிறது? அதுவரை அவர் இழுத்துக்கொண்டிருந்தால்? மனுஷனுக்குச் சொந்த வீட்டில் உயிர் போவது நல்லதுதானே? எல்லாம் கேட்பதற்குச் சரியாகவே இருந்தன. பத்து மணிக்குக் கிளிஞ்சல் லாரியின் ஹாரன் கேட் பக்கம் கேட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மாலையில் வீட்டுக்குப் போனதும் அம்மா சொன்னாள். "நல்ல மனுஷன்டா. தூக்கி ஏத்தும்போது கூட, 'செவுத்துல ஒரு கீறல் இல்ல, தம்பிய வந்து பாத்துக்கச் சொல்லு'ன்னாரு." நான் போய்ப் பார்த்தேன். ஒரு கீறல் கூட இல்லை. உத்திரத்தில் கயிறு தேய்த்த இடம் மட்டும் கொஞ்சம் வழவழவென்று இருந்தது.

அன்றிலிருந்து ஏழு நாள் நான் காலண்டரைக் கிழிக்கவில்லை. கிழித்ததை ஒட்ட முடியாது. ஊர் வந்து அந்தத் தேதியைச் சேரும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. அதே வியாழன் தொங்கிக்கொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை லாரி டிரைவர் வந்து, வெள்ளிக்கிழமை பொழுது சாய ஏகாம்பரம் போய்விட்டார் என்று சொன்னபோதும் அது வியாழன்தான்.

அடுத்த வியாழன் கிணற்றடியில் யாரோ, இன்றைக்கு அவிட்டம் என்று பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார்கள். அம்மா ஈரக் கையோடு உள்ளே வந்து என் முன்னால் நின்றாள். "போன வாரம்தான அவிட்டம்ன?" என்றாள். நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன். "நேரமாச்சும்மா, சோறு போடு" என்றேன். அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு சோறு போட்டாள். அதற்குப் பிறகு சாகும்வரை அவள் என்னிடம் நட்சத்திரம் கேட்டதில்லை, பக்கத்து வீட்டில் போய்க் கேட்டுக்கொள்வாள்.

சூப்பர்வைசர் குடிவந்தார். ரேடியோ, மேஜை, பீரோ எல்லாம் வந்தன. வந்த அன்றே, "ஒரு சுத்தியல் கிடைக்குமா?" என்றார். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஐந்து ஆணி அடித்தார். ஒன்று வளைந்தபோது நான்தான் பிடுங்கி நிமிர்த்திக் கொடுத்தேன். தீபாவளிக்கு முன் என்னைப் பெர்மனென்ட் ஆக்கினார்கள்.

அந்த ஐப்பசியில், மழை பிடிக்கப் போகிற சமயம், நாகம்மா வந்தாள். பஸ்ஸிலும் ரயிலிலுமாக வந்திருக்கிறாள். ஒரு ஓலைப் பெட்டியில் காய்ந்த இறால் அம்மாவுக்கு. எனக்கு ஆறாம் நம்பர் சாவி, ஞாபகமில்லாமல் எடுத்துப் போய்விட்டாளாம். கூடவே ஒரு சின்னக் காகிதக் கற்றை.

"இந்தா நைனா, உன் சீட்டு. ஊட்ட காலி பண்ணா எல்லாத்தயும் திருப்பிக் குட்த்துடணும்னு அவுரு சொல்லிக்கினே இருப்பாரு."

வாங்கினேன். எல்லாம் என் ரசீதுகள். மேலே இருந்தது கடைசியாக எழுதியது. புரட்டினேன். வெள்ளிக்கிழமை. கீழே பொடி எழுத்தில், அனுஷம். ஏகாம்பரம் செத்த நாளின் தாள். இரண்டு மாசமாக அதை அவள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

"அட்ப்புல போய்ட்டாரு நைனா" என்று அவளே ஆரம்பித்தாள். "எங்க குப்பத்துல அன்னிக்கு நட்சத்திரம் பாத்து சொல்றதுக்கு ஆளு இல்ல. கேட்டாங்க. எங்க ஊட்டு ஓனரு, படிச்ச புள்ள, காலண்டர பாத்து முன்னாடியே சொல்லிச்சின்னேன். அப்பாலதான் செவுத்த இடிச்சி எட்த்தாங்க. மண்ணு செவுரு, நாலு இடிதான். ஊட்ட பூட்டிட்டு நான் வல கொட்டாயில படுத்துக்கினு இருக்கறேன். நீ மட்டும் சொல்லாங்காட்டி, தெரியாம வாசப்படி வழியா எட்த்து, எந்தப் பாவத்துக்கு ஆளாகியிருப்பமோ!"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த ரசீது இருந்த கையை.

"மழ வரப் போவுது நைனா. இடிச்ச எடத்த அடச்சிட்லாமான்னா, ஆறு மாசம் முடியாம கைய வெக்கக் கூடாதுங்கறாங்க. என்னிக்கு முடியுதுன்னு பாத்து சொல்லு. அதுக்குத்தான் வந்தேன்."

உள்ளே போனேன். காலண்டர் முன்னால் நின்றேன். கையில் அனுஷம் இருக்கிறது. வெளியே போய், அக்கா, தப்பாகச் சொல்லிவிட்டேன், அன்றைக்கு அடைப்பே இல்லை, இன்றைக்கே போய் வீட்டைத் திற, சுவரைப் பூசு, என்று சொன்னால் முடிந்தது. அவள் என்ன செய்திருப்பாள்? வைதிருப்பாள், அழுதிருப்பாள். வரிசைக் கோடியில் ஆறாம் நம்பரிலிருந்து சூப்பர்வைசர் வீட்டு ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தது. வாய் விட்டு அழுதால் அங்கே கேட்கும் என்றுதான் நான் நினைத்தேன். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை, தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

ரசீதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். "மாசி இருபத்தஞ்சி" என்றேன்.

"மாசி இருபத்தஞ்சி, மாசி இருபத்தஞ்சி" என்று மறக்காமல் இருப்பதற்காக அவள் சொல்லிக்கொண்டே போனாள். அம்மா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எங்களைத் தாண்டிக் கிணற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் மழை சும்மா பெய்யவில்லை. கார்த்திகையில் புயல் வேறு. ராத்திரியெல்லாம் எங்கள் ஓட்டின் மேல் கொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, இடித்து வைத்த ஒரு மண் சுவரை நினைத்துப் புரண்டுகொண்டிருந்தேன். பொங்கல் லீவில் மனசு தாங்காமல் கிளம்பிப் பழவேற்காட்டுக்குப் போய்ப் படகேறினேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்றுதான் போனேன். ரசீது பையில் இருந்தது.

குப்பத்தில் கேட்டதும் ஒருவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வீடு இருந்த இடத்தில் முழங்கால் உயரத்துக்கு மண் குவிந்து கிடந்தது. வாசல் நிலை மட்டும் பூட்டிய கதவோடு அப்படியே நின்றது. "இடிச்ச எடத்துல தண்ணி பூந்து மொத்தமும் ஒக்காந்துட்சி சார்" என்றார். "அந்தம்மா சூலூர்பேட்ட பக்கம் எறா உரிக்கப் போய்ட்சி. தங்கச்சி வூடோ இன்னாமோ." எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. சூலூர்பேட்டைக்கு இரண்டு தடவை போய் அலைந்தேன். இறால் கொட்டகைகளில் நாகம்மா என்ற பெயரில் எத்தனையோ பேர். அந்த நாகம்மா இல்லை.

லைன் வீடு இப்போது இல்லை. அம்மா போன பிறகு விற்றேன், வாங்கியவர் இடித்துவிட்டு லாரிகள் நிறுத்த இடம் விட்டிருக்கிறார். கிளிஞ்சல் லாரியும் வருவதில்லை, சுண்ணாம்புச் சூளையும் இல்லை. தினசரி காலண்டர் மகள் வீட்டில் கிடையாது. நட்சத்திரம் வேண்டுமென்றால் போனில் தட்டுகிறாள். அடைப்பைப் பற்றி இந்த அடுக்ககத்தில் யாரும் பேசிக் கேட்டதில்லை. நான்காவது மாடியில் எந்தச் சுவரை இடித்து எப்படி இறக்குவார்கள்? நான் போனால் லிஃப்டில்தான் போவேன்.

மெக்கானிக் ஓட்டையைச் சுற்றி வெள்ளை சிமென்ட் பூசி, விரலால் வழித்துவிட்டு, கால் மணி நேரத்தில் வேலையை முடித்துக்கொண்டு போய்விட்டான். அறை குளிர ஆரம்பித்தது. மகள் கதவைச் சாத்திவிட்டுப் போன பிறகு, பென்ஷன் காகிதங்கள் வைத்திருக்கும் ஃபைலை எடுத்தேன். அந்தத் தாள் பழுத்துப் போயிருக்கிறது, ஆனால் கிழியவில்லை. ஒரு பக்கத்தில் என் கையெழுத்தில், ஆறாம் நம்பர் வீட்டு வாடகை பெற்றுக்கொண்டேன். திருப்பினால் வெள்ளிக்கிழமை, அனுஷம். அறையில் யாரும் இல்லை. அந்தப் பொடி எழுத்தை வாய்விட்டு ஒரு தடவை படித்தேன். "அன்னிக்கு அனுஷம்க்கா. அடைப்பு இல்ல." ஏசி சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.